புளியங்கொட்டை சாம்ராஜ்ஜியம்

(தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் தலைவிகளுக்குமான கல்வி வகுப்பில், கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



காலையில் மண்டபத்துக்குள் வந்தபோது சுவரில் ஒட்டியிருக்கும் இந்தக் கோடு போட்ட தாளைப் பார்த்து, "இது என்ன, எந்தத் தோட்டத்துப் பிளானு?" என்று சிலர் கேட்டீர்கள். இது தோட்டத்துப் பிளான் இல்லை. கடந்த பாடசாலை விடுமுறையில் நம்முடைய பிள்ளைகள் முப்பது பேர் இரண்டு நாட்கள் இதன்மேல் ஆறு சாம்ராஜ்ஜியங்களைக் கட்டினார்கள், உடைத்தார்கள், ஒருவர் காலை ஒருவர் வாரினார்கள். சம்பளப் பேச்சுவார்த்தை வரப்போகிற நேரத்தில் சங்க வகுப்பில் பிள்ளை விளையாட்டைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் நினைக்கலாம். அந்தப் பேச்சுவார்த்தையை முன்னிட்டுத்தான் இதைச் சொல்ல வந்திருக்கிறோம்.

இப்படியான விளையாட்டுகள் வெளிநாடுகளில் வகுப்பறைகளில் பல காலமாக நடக்கின்றன. அலன் கால்ஹமர் என்ற அமெரிக்கர் அமைத்து, 1959இல் விற்பனைக்கு வந்த 'டிப்ளோமசி' அவற்றில் ஒன்று. முதலாம் உலக யுத்தத்துக்கு முந்திய ஐரோப்பாவின் ஏழு வல்லரசுகள் அதில் மோதிக்கொள்ளும். அதில் தாயக்கட்டை இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. ஒரு படையை ஒரு படை அசைக்க முடியாது. இன்னொருவருடைய ஆதரவு வேண்டும். ஆகவே பேசியே ஆக வேண்டும். ஆனால் பேசிக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 1969இல் காரி ஷர்ட்ஸ் என்பவர் அமைத்த 'ஸ்டார்பவர்' இன்னொன்று. அதில் நடுவழியில் முன்னுக்கு நிற்கிற கூட்டத்தின் கையிலேயே விதிகளை எழுதும் உரிமையைக் கொடுத்துவிடுவார்கள். அதன் பிறகு நடப்பதுதான் பாடம்.

இரண்டையும் கலந்து நமக்கு ஏற்ற மாதிரி ஒன்றைச் செய்தோம். படைக்குப் புளியங்கொட்டை. இடம் ஒரு பழைய பிள்ளை மடுவம். நிலத்தில் இருபத்து நான்கு கட்டம். சிவப்புக்கு ஆறு, மஞ்சளுக்கு ஐந்து, வெள்ளைக்கும் பச்சைக்கும் நாலு நாலு, கறுப்புக்கு மூன்று, நீலத்துக்கு வெறும் இரண்டு. வேண்டுமென்றேதான் சமமில்லாமல் பிரித்தோம். உலகம் யாருக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது? ஒரு கட்டத்துக்கு ஒரு சுற்றில் ஒரு கொட்டை வருமானம். ஒரு கட்டத்துக்கு ஒரு கூட்டம் மூன்று கொட்டைக்கு மேல் அனுப்ப முடியாது. அதனால் மூன்று வைத்துக் காக்கிறவனைத் தனியாக யாரும் வெல்ல முடியாது. பத்து நிமிடம் வெளியே போய் யாரோடும் எதையும் பேசலாம். பிறகு ஒவ்வொரு கூட்டமும் தன் முடிவைத் துண்டில் எழுதி டப்பாவில் போட வேண்டும். ஆறு துண்டும் விழுந்தால்தான் டப்பா திறக்கும். பழைய சந்தா டப்பாதான் அது. அதற்கும் ஒரு வேலை கிடைத்தது.

முதல் சுற்றில் எல்லோரும் தங்கள் கொட்டையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் சுற்றில் பிள்ளைகளுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. இருக்கிறதிலேயே சின்னது நீலம். ஆனால் அதன் இரண்டு கட்டங்களும் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவிலுள்ள கணவாயில் இருந்தன. நீலம் யார் பக்கம் சாய்கிறதோ அவன் பக்கம் வெற்றி. நீலத்துக்காகப் பேசியவர்கள் கீழ்ப்பிரிவுப் பெண் பிள்ளைகள் இருவர். சிவப்பு வந்து கொட்டை கொடுத்தது, மஞ்சள் வந்து அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தது. இரண்டு பேரிடமும் "யோசிச்சு சொல்றோம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அந்த மடுவத்தில் அவர்களுக்கு இருந்த மரியாதை வேறு யாருக்கும் இல்லை.

மூன்றாம் சுற்றில் நீலம் சிவப்போடு கையெழுத்து வைத்தது. இரண்டும் சேர்ந்து மஞ்சளின் இரண்டு கட்டங்களைப் பிடித்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டன. நாலாம் சுற்றில் சிவப்பு வெள்ளையைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு நீலத்தின் கணவாயையே பிடித்தது. நீலத்தின் கதை முடிந்தது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி எங்களிடம் வந்து சொன்னாள்: "கையெழுத்து வைக்கிற வரைக்கும்தான் அண்ணா நமக்கு மரியாத. வச்ச பொறகு நம்மள யாரு பாக்கிறாங்க?"

இதைக் கேட்டதும் எங்களுக்கு 1947ஆம், 48ஆம் ஆண்டுகள் ஞாபகத்துக்கு வந்தன. 1947 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தது 95 தொகுதிகளில் 42. தனிப் பெரும்பான்மை இல்லை. மலையகத் தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரசின் வேட்பாளர்கள் வென்றார்கள். வேறு பல தொகுதிகளில் நம்மவர்களின் வாக்கு இடதுசாரி வேட்பாளர்களுக்குப் பலமாக இருந்தது. அந்த வாக்குக்கு எவ்வளவு பெறுமதி என்று ஆட்சியில் இருந்தவர்கள் நம்மைவிட நன்றாகக் கணக்குப் பார்த்திருந்தார்கள். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. இடதுசாரிகள் எதிர்த்தார்கள். தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலமும் அதை எதிர்த்துத்தான் வாக்களித்தார். ஆனால் சில வாரங்களுக்குள் அவர் அதே அரசாங்கத்தில் அமைச்சரானார். செல்வநாயகமும் அவரோடு நின்றவர்களும் அதை ஏற்காமல் பிரிந்து 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியை ஆரம்பித்தார்கள். அதற்குள் நம்முடைய வாக்குரிமையும் போய்விட்டது. 1952 தேர்தலில் நம்மில் பெரும்பாலானோர் வாக்களிக்க முடியாத மக்கள். அமைச்சர் பதவியால் வடக்குக்குக் கிடைத்த தொழிற்சாலைகளைப் பற்றி இன்றும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கிடைத்தது உண்மைதான். அதற்கு யாருடைய துண்டு டப்பாவில் விழுந்தது என்பதுதான் எங்கள் கேள்வி.

விளையாட்டுக்கு வருவோம். நாலாம் சுற்று முடிந்ததும் தேநீர் கொடுத்தோம். பச்சையும் கறுப்பும் வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சிவப்பும் வெள்ளையும் உள்ளே இருந்தார்கள். கறுப்புப் பிள்ளைகள் திரும்பி வந்தபோது அவர்களின் மூன்று கட்டங்களுக்கு நடுவில் வெண்கட்டியால் ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது. இந்தப் பக்கம் சிவப்புக்கு, அந்தப் பக்கம் வெள்ளைக்கு என்று முன்கூட்டியே பங்கு. கறுப்பு யாரையும் தாக்கவில்லை, யாருக்கும் வாக்கு மாறவும் இல்லை. பேசிய நேரத்தில் அறைக்குள் இல்லாததுதான் அவர்கள் செய்த ஒரே பிழை.

1884 நவம்பரிலிருந்து 1885 பெப்ரவரி வரை பேர்லினில் பதினான்கு அரசுகள் கூடின. ஆபிரிக்காவின் கரைகளில் எந்த வல்லரசு எப்படி உரிமை கோரலாம் என்று விதி வகுத்தன. அந்த மேசையில் ஓர் ஆபிரிக்கர்கூட உட்காரவில்லை. பிள்ளைகளுக்கு இதை வரைபடம் வைத்துச் சொல்லிக்கொடுத்தோம். ஆனால் அவர்களை வாயடைக்க வைத்தது பேர்லின் இல்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு பிரதமர்கள் கையொப்பமிட்ட ஒப்பந்தம். ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றார்கள். பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பையன் எழுந்து, "எங்க அப்பாயி கூடப்பொறந்தவங்க ஒருத்தர் கோயம்புத்தூர்ல இருக்காங்க, ஒருத்தர் இங்க இருக்காங்க" என்று சொன்னான். வெண்கட்டிக் கோடு எங்கே போனது என்று அவனுக்கு நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இனி எங்கள் உரையின் முக்கியமான இடம். ஐந்தாம் சுற்றுக்கு முன் அறிவித்தோம்: அதிகக் கட்டம் வைத்திருக்கிற கூட்டம் இனி விதிகளை எழுதலாம். சிவப்பு எழுதியது. எழுதிய பையன் நம் மாவட்டத்தில் ஒரு தோட்டத் தலைவரின் மகன், சத்தமாகக்கூடப் பேசாத பிள்ளை. முதல் விதி: சின்னக் கூட்டங்கள் சிவப்பின் ஆள் இல்லாமல் தங்களுக்குள் பேசக் கூடாது. இரண்டாவது: ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு ஒரு கொட்டை 'பாதுகாப்புச் செலவு'. மூன்றாவது: விதியை மாற்றும் உரிமை சிவப்புக்கு மட்டும். பத்து நிமிடத்தில் இவ்வளவும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தகப்பனார் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எங்களுக்கே சங்கடமாக இருந்தது.

மடுவம் கலகலத்தது. பிறகு பச்சையும் கறுப்பும் மஞ்சளும் ஒரு வேலை செய்தார்கள். துண்டு போட மாட்டோம் என்று கைகட்டி உட்கார்ந்துவிட்டார்கள். ஆறு துண்டும் விழாமல் டப்பா திறக்காது. டப்பா திறக்காவிட்டால் சிவப்புக்கு வருமானமும் இல்லை, வரியும் இல்லை. இத்தனை கட்டம் வைத்திருந்த சாம்ராஜ்ஜியம் அப்படியே நின்றது. நம்மிடம் இருப்பதும் இந்தப் பலம்தான். கொழுந்து ஏழெட்டு நாளுக்கொரு முறை எடுக்கப்பட வேண்டும். சுற்று தவறினால் முற்றிப்போகும், எடுத்ததை வைத்திருக்கவும் முடியாது. துரைக்கு அது தெரியும். நமக்கும் அன்றைய பேர் போகும், அடுப்பு எரியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

பதினொரு நிமிடம் தாக்குப்பிடித்தார்கள். பன்னிரண்டாவது நிமிடம் மஞ்சள் துண்டைப் போட்டது. உடனே மற்றவர்களும் போட்டார்கள். முடிந்தது.

பிறகு ஒரு மணி நேரம் சண்டை. மஞ்சளைக் காட்டிக்கொடுத்தவர்கள் என்றார்கள், கொட்டைக்கு விலை போனவர்கள் என்றார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். மஞ்சள் பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. சிவப்பு நேரில் வரவில்லை, வெள்ளையை அனுப்பியது. வெள்ளை ஒரு கட்டம் தருவதாகச் சொன்னது, அது உண்மை. ஆனால் மஞ்சளை அசைத்தது அதுவல்ல. "கறுப்பு எப்பிடியும் போடப் போகுது, அவங்க துண்டு எழுதிட்டாங்க, நீங்க கடைசியா போட்டா ஒண்ணும் கிடைக்காது" என்று வெள்ளை சொன்னதுதான். கறுப்பு ஒரு துண்டும் எழுதவில்லை. கறுப்பிடம் போய் அதே வெள்ளை, மஞ்சளைப் பற்றி அதையே சொல்லியிருந்தது. மூன்று கூட்டங்களும் ஒரே மடுவத்துக்குள், பத்தடி தூரத்தில். யாரும் எழுந்து போய் "நீ எழுதினியா?" என்று கேட்கவில்லை.

தோழர்களே, கூட்டணி உடைவது பேராசையால் என்று மேடைக்கு மேடை சொல்லி வருகிறோம். பேராசை இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் எங்கள் அனுபவத்தில் அதைவிடக் கூடுதலாக உடைத்தது பயம். அடுத்தவன் நமக்கு முன் கையெழுத்து வைத்துவிடுவான், நாம் வெறுங்கையோடு நிற்போம் என்ற பயம். அந்தப் பயத்தைக் கொண்டுவந்து கொடுப்பவர்கள் எப்போதும் தனித்தனியாகத்தான் பேசக் கூப்பிடுகிறார்கள்.

இங்கே நம்முடைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தின் பெயர் வேண்டாம். தெரிந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் அங்கே கொழுந்து அளவை இரண்டு கிலோ கூட்டினார்கள். அளவு எடுக்காதவர்களுக்கு அரைப்பேர் என்றார்கள். அந்தத் தோட்டத்தில் மூன்று சங்கங்கள். மூன்றும் கோயில் முன்றலில் கூடி, ஒன்றாகத்தான் பேசுவோம் என்று முடிவெடுத்தன. வேலை நின்றது. நாலாம் நாள் நிர்வாகம் நம்முடைய ஆட்களை மட்டும் பங்களாவுக்கு அழைத்தது. மற்ற இரண்டு சங்கமும் நேற்றே இணங்கிவிட்டன, நீங்கள் இன்று கையெழுத்து வைத்தால் உங்கள் அங்கத்தவர்களின் பழைய அரைப்பேர்களைச் சரிசெய்து தருகிறோம் என்றது. நாம் விசாரிக்கவில்லை. கைத்தொலைபேசியில் ஓர் அழைப்பு எடுத்திருந்தால் போதும். கையெழுத்து வைத்தோம். மற்றவர்கள் இணங்கியிருக்கவில்லை.

அரைப்பேர்கள் சரிசெய்யப்பட்டன, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் கூட்டிய இரண்டு கிலோ கூட்டியபடியே இருக்கிறது, மூன்று சங்கத்துக்காரருக்கும். மழை இல்லாத மாதத்திலும் அதே அளவு. அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் நம்முடைய தலைவிமார் மற்றச் சங்கத்துப் பெண்களோடு ஒரே மலையில் நின்று கொழுந்தெடுக்கும்போது கேட்ட வார்த்தைகளை இங்கே சொல்ல முடியாது. சந்தா குறைந்ததை அலுவலகக் கணக்கில் பார்த்தோம். அந்த வார்த்தைகளைக் கணக்கில் எழுதவில்லை. அந்தத் தீர்மானத்தில் கல்விக் குழுவில் இருக்கும் எங்களில் சிலருக்கும் பங்கு உண்டு. மற்றவர்களை மஞ்சள் என்று சொல்வதற்கு முன் அந்தத் தோட்டத்தில் மஞ்சள் துண்டைப் போட்டவர்கள் நாம் என்று பதிவாக வேண்டும்.

பெரிய அளவிலும் இதைப் பார்த்திருக்கிறோம். கூட்டு ஒப்பந்தக் காலம் முழுவதும் கையொப்பமிட்டவை மூன்று தரப்புகள். வெளியில் நின்ற சங்கங்கள் உள்ளே இருந்தவர்களைத் திட்டின, உள்ளே இருந்தவர்கள் வெளியில் நின்றவர்களுக்கு என்ன பேசப்பட்டது என்று சொல்லவில்லை. ஆயிரம் ரூபா கேட்டு வருடக்கணக்காகக் குரல் கொடுத்தோம். 2016இல் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா, 2019இல் 700 ரூபா. 2021இல் ஆயிரம் வந்தது பேச்சு மேசையிலிருந்து இல்லை, சம்பள நிர்ணய சபையிலிருந்து. கம்பனிகள் நீதிமன்றம் போனார்கள், கூட்டு ஒப்பந்தமும் இல்லாமல் போனது. அதோடு போன தொழில் சலுகைகளைப் பற்றித் தனி வகுப்பு வைக்கிறோம். அதைப் பத்து நிமிடத்தில் சொல்ல முடியாது.

முடிந்ததும் உண்டு. 1984 ஏப்ரலில் சங்க பேதம் பார்க்காமல் தோட்டங்கள் நின்றன. அதன் பிறகுதான் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமானது. அதற்கு முன் ஒரே மலை, ஒரே மழை, சம்பளம் மட்டும் வேறு. இங்கே இருக்கிற மூத்த தலைவிமார் சிலர் அந்தப் பழைய சம்பளத்தைக் கையில் வாங்கியவர்கள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவர்களிடம் கேளுங்கள்.

விளையாட்டின் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறோம், அதைக் கண்டுபிடித்தது நாங்கள் இல்லை. இரண்டாம் நாள் மாலை, எல்லாம் முடிந்து கொட்டைகளைப் பொறுக்கும்போது பச்சைக் கூட்டத்துப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "சேர், ஒரு கட்டத்துக்கு ஒரு கொட்டை வருதுன்னு சொன்னீங்க. அந்தக் கொட்டையை யாரு பொறுக்கினா?" இரண்டு நாளும் முப்பது பேரும் ராஜாவாகவும் மந்திரியாகவும் இருந்தார்கள். தாளில் ஒரு கொழுந்துக்காரி இல்லை. அடுத்த முறை ஏழாவது கூட்டம் ஒன்று வைக்கப்போகிறோம். அதற்குக் கட்டம் இருக்காது, கொட்டையைப் பொறுக்கிக் கொடுப்பது மட்டும் அதன் வேலை. அது கைகட்டினால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை.

இப்போது கையிலிருக்கும் வேலை. மற்றச் சங்கங்களுக்கு அனுப்புவதற்கு ஒரு கடித வரைவு உங்கள் கோவையில் வைத்திருக்கிறோம். மூன்றே மூன்று விடயங்கள். ஒன்று: சம்பளம், கொழுந்து அளவு சம்பந்தமாக நிர்வாகமோ கம்பனியோ ஒரு சங்கத்தைத் தனியாக அழைத்தால், போவதற்கு முன் மற்றவர்களுக்கு அறிவிக்க வேண்டும். போக வேண்டாம் என்று சொல்லவில்லை, அறிவித்துவிட்டுப் போங்கள் என்கிறோம். இரண்டு: அங்கே சொன்னதை மறுநாள் காலை பிரட்டுக்களத்தில் எல்லாச் சங்கத்தவருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். மூன்று: "அவர்கள் இணங்கிவிட்டார்கள்" என்று யார் சொன்னாலும், அவர்களிடமே கேட்கும்வரை பேனாவை எடுக்கக் கூடாது.

மற்றவர்கள் இதற்கு இணங்குவார்களா என்று கேட்பீர்கள். எல்லோரும் இணங்கமாட்டார்கள். சிலர் நம்முடைய பழைய கையெழுத்தைக் காட்டிக் கேட்பார்கள், கேட்கட்டும். அந்தத் தோட்டத்தில் நடந்ததைக் கடிதத்தின் இரண்டாம் பந்தியிலேயே எழுதியிருக்கிறோம். அந்தப் பந்தி வேண்டாம், சங்கத்துக்கு அவமானம் என்று குழுவிலேயே இரண்டு பேர் சொன்னார்கள். அதை வைப்பதா எடுப்பதா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். தேநீருக்குப் பிறகு கைதூக்கி வாக்கெடுப்போம். எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் ஆரம்பிப்போம்.